ஒரு நோய்க்குப் பல பெயர், ஒரு பெயருக்குப் பல நோய்: உங்கள் சொல்லை மருத்துவக் கணினி எவ்வாறு அறிகிறது?

எங்கள் மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் நாள்தோறும் நாங்கள் கேட்கும் சொற்களுள் ஒன்று 'மயக்கம்'. 'இரண்டு நாளாக மயக்கமாக இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், அவர் குறிப்பது எதனை? அறை முழுவதும் சுழல்வதுபோல் தோன்றும் தலைசுற்றலாக இருக்கலாம். எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருவதாக இருக்கலாம். நினைவிழந்து கீழே விழுந்ததாகவும் இருக்கலாம். வெறும் உடற்சோர்வையே மயக்கம் என்று சொல்வோரும் உளர். தலைசுற்றல் என்றால் மருத்துவரின் கவனம் பெரும்பாலும் உட்செவியின்பால் செல்லும். கண் இருட்டுதல் என்றால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பார்ப்பார். நினைவிழப்பு என்றால் இதயத்தையும் மூளையையும் உடனே சோதிக்க வேண்டியிருக்கும். நோயாளி சொன்னது ஒரே சொல். அச்சொல்லிலிருந்து பிரியும் வழிகளோ பல.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சர்க்கரை, சுகர், நீரிழிவு, டயாபடீஸ், 'டி.எம்.' என்று ஐந்து விதமாக எழுதினாலும் அவை அனைத்தும் ஒரே நோயையே சுட்டுகின்றன. மனிதர்க்கு இது சிக்கலன்று. பத்து ஆண்டு அனுபவமுள்ள செவிலியர் ஒருவர், 'பாட்டிக்குச் சுகர் இருக்கிறது' என்பதைக் கேட்டவுடன் உரிய இடத்தில் உரியபடி எழுதிவிடுவார். கணினிக்கோ 'சுகர்' என்பது மூன்று எழுத்து. 'நீரிழிவு' என்பது வேறு எழுத்துகள். இரண்டுக்கும் உறவு உண்டென்று எவரேனும் கற்பித்தாலன்றி அது அறியாது.

இன்று உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரி, ஆய்வக முடிவு, மருந்துச் சீட்டு ஆகிய யாவும் கணினியில் பதிவாகின்றன. ஓர் ஊரில் எழுதப்பட்ட பதிவு வேறோர் ஊரில் படிக்கப்படுகிறது. ஆகவே இரண்டு மருத்துவச் சொற்கள் பொருளால் எவ்வளவு நெருங்கியவை என்பதைக் கணினி அளந்தறிய வேண்டிய தேவை எழுந்துள்ளது. அந்த அளவீடு எவ்வாறு செய்யப்படுகிறது, அது உங்களுக்கு எங்கே உதவுகிறது, எங்கே அதனை நம்பி இருந்துவிடக் கூடாது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

பெயரால் உறவு, பொருளால் அயல்

தமிழில் 'அம்மை' என்ற பெயர் பல நோய்களுக்கு உண்டு. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை ஆகிய மூன்றையும் கேட்பவர், ஒரே நோயின் மூன்று நிலைகள் என்று எண்ணக்கூடும். உண்மையில் இம்மூன்றையும் உண்டாக்கும் வைரஸ்கள் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. ஏனைய இரண்டும் இன்றும் நம்மிடையே உள்ளன.

அம்மை என்ற பெயரே இல்லாத 'அக்கி' என்னும் நோயை இனிக் காண்போம். உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளங்கள் தோன்றி, கடும் எரிச்சலும் வலியும் தரும் நோய் இது. பெயரால் இதற்கும் சின்னம்மைக்கும் எவ்வுறவும் இல்லை. ஆனால் இரண்டையும் உண்டாக்குவது ஒரே வைரஸ்தான். சிறுவயதில் சின்னம்மை வந்து நீங்கிய பின்னும் அந்த வைரஸ் நரம்புக் கணுக்களில் உறங்கிக் கிடக்கிறது. பல்லாண்டுகள் கழித்து, உடலின் எதிர்ப்பாற்றல் குன்றும்போது அக்கியாக வெளிப்படுகிறது.

இவ்வுறவை அறிவதால் குடும்பத்துக்கு என்ன பயன்? அக்கி வந்த தாத்தாவின் கொப்புள நீர் பட்டால், இதற்குமுன் சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத பேரக்குழந்தைக்குச் சின்னம்மை வரக்கூடும். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் இன்னும் கூடுதல் கவனம் தேவை. 'இது அம்மையன்று, அக்கிதானே' என்று பெயரை வைத்து முடிவுசெய்வோர் இந்த எச்சரிக்கையைத் தவறவிடுவர்.

'வாதம்' என்ற சொல்லும் இத்தகையதே. பக்கவாதம் மூளையின் இரத்தக் குழாயில் அடைப்போ கசிவோ ஏற்படுவதால் வருவது. முடக்குவாதம் உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்குவதால் வருவது. இளம்பிள்ளை வாதம் வைரஸால் வருவது. பெயரின் ஈறு ஒன்றாயினும் மூன்றுக்கும் மருத்துவம் வேறு. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியைத் தொடக்க அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். முடக்குவாதத்துக்கோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தொடரும் சிகிச்சை.

ஆகவே எழுத்தொப்புமை வேறு, பொருளொப்புமை வேறு. இது ஆங்கிலப் பெயர்களுக்கும் பொருந்தும். 'டயாபடீஸ் மெலிட்டஸ்' என்பது நாம் அறிந்த சர்க்கரை நோய். 'டயாபடீஸ் இன்சிபிடஸ்' என்பது சர்க்கரையோடு தொடர்பே இல்லாத, உடலின் நீர்ச் சமநிலை குலையும் வேறொரு நோய். முன்சொல்லை மட்டும் எழுதிப் பின்சொல்லை விட்டுவிட்டால் எத்தகைய குழப்பம் விளையும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

சொற்களுக்கு ஒரு குடும்ப மரம்

சொற்களைப் பொருள்வழித் தொகுக்கும் முயற்சி நமக்குப் புதிதன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று இனம்பற்றிச் சொற்களைத் தொகுத்தன. ஒரு சொல் பல பொருள் தருவதற்கெனத் தனித் தொகுதியும் அவற்றில் உண்டு. அகர வரிசையில் தேடும் அகராதியினின்றும் நிகண்டு வேறுபடுவது இங்கேதான்: அது எழுத்தை வைத்தன்றிப் பொருளை வைத்துச் சொற்களை அடுக்குகிறது.

மருத்துவத்தில் இத்தகைய தொகுப்பின் வரலாறு இறப்புக் கணக்கிலிருந்து தொடங்குகிறது. மக்கள் எந்தெந்த நோயால் இறக்கின்றனர் என்பதை நாடுகள் ஒப்பிட வேண்டுமானால் நோய்ப்பெயர்கள் ஒரே பட்டியலில் அமைய வேண்டும். பிரான்ஸ் நாட்டுப் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன் அத்தகைய பட்டியல் ஒன்றை 1893-இல் சிகாகோவில் முன்வைத்தார். அதன் வழித்தோன்றலே இன்று 'ஐ.சி.டி.' என்று வழங்கும் பன்னாட்டு நோய் வகைப்பாடு. 1948 முதல் அது உலகச் சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. அதன் 11-ஆம் பதிப்பு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகிய மருத்துவ முறைகளின் நோய்ப்பெயர்களுக்கான பகுதி 2024 சனவரியில் புதுதில்லியில் வெளியிடப்பட்டது.

பட்டியல் மட்டும் கணினிக்குப் போதாது. எது எதன் வகை என்ற உறவும் அதற்கு வேண்டும். அவ்வுறவுகளோடு அமைக்கப்பட்ட அறிவுத் தொகுப்பினையே கணினி அறிவியலார் 'ஆன்டாலஜி' என்கின்றனர். நாம் அதனைச் சொற்பொருள் மரம் என்று கொள்ளலாம். சின்னம்மை ஒரு வைரஸ் தொற்று. வைரஸ் தொற்று ஒரு தொற்றுநோய். தொற்றுநோய் ஒரு நோய். இவ்வாறு இலையிலிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து அடிமரத்துக்கும் ஏறிச் செல்ல வழி இருக்கும்.

மருத்துவமனைகளில் நோயாளியின் பதிவுக்கு உலகெங்கும் பயன்படும் பெரிய சொற்பொருள் மரம் 'ஸ்னோமெட் சி.டி.' என்பதாகும். அமெரிக்க, பிரித்தானியத் தொகுப்புகள் இரண்டை இணைத்து 2002-இல் அது வெளியிடப்பட்டது. 3,50,000-க்கும் மேற்பட்ட மருத்துவக் கருத்துகள் அதில் உள்ளன. இந்தியா 2014-இல் அதன் உறுப்பு நாடாயிற்று. மின்னணு மருத்துவப் பதிவுகளுக்காக நடுவண் அரசு 2016-இல் வெளியிட்ட நெறிமுறைகளிலும் அது இடம்பெற்றுள்ளது. அதில் ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் எண் உண்டு. மாரடைப்புக்குரிய எண் 22298006. ஒரு மருத்துவர் 'ஹார்ட் அட்டாக்' என்று எழுதினாலும், மற்றொருவர் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்று எழுதினாலும், உள்ளே பதிவாவது இந்த ஒரே எண்தான்.

இம்மரத்தை ஆலமரத்துக்கு ஒப்பிடுவது பொருந்தும். ஆலின் கிளைக்கு அடிமரமும் தாங்கல், விழுதும் தாங்கல். அதுபோல ஒரு நோய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெற்றோர் இருக்கலாம். வைரஸால் வரும் நிமோனியா ஒரு நுரையீரல் நோய். அதே வேளையில் அது ஒரு தொற்றுநோயும் ஆகும். நுரையீரல் நோய்களைத் தேடும் மருத்துவருக்கும் அது கிடைக்க வேண்டும். தொற்றுநோய்களைக் கணக்கெடுக்கும் சுகாதார அலுவலருக்கும் அது கிடைக்க வேண்டும்.

நெருக்கத்தை எவ்வாறு அளப்பது?

மரம் அமைந்துவிட்டால், இரண்டு சொற்களின் நெருக்கத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல எத்தனை படிகள் கடக்க வேண்டும் என்று எண்ணினால் போதும். சின்னம்மையிலிருந்து அதனை உண்டாக்கும் வைரஸின் தொற்று என்ற பெற்றோருக்கு ஒரு படி. அங்கிருந்து அக்கிக்கு இறங்க மற்றொரு படி. இரண்டே படி, எனவே நெருங்கிய உறவு. சின்னம்மையிலிருந்து எலும்பு முறிவுக்குச் செல்வதானால் மரத்தின் உச்சிவரை ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். எனவே மிகத் தொலைவு. உறவுமுறையைப் பாட்டன், முப்பாட்டன் வழியாக எண்ணிப் பார்ப்பதற்கு ஒப்பானது இது. மருத்துவ நூலகச் சொற்றொகுதி ஒன்றில் இவ்வாறு படிகளை எண்ணும் முறையை ராய் ராடாவும் அவருடன் பணியாற்றியோரும் 1989-இல் வெளியிட்டனர்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. எல்லாப் படிகளும் ஒரே உயரம் உடையவை அல்ல. 'நோய்' என்பதிலிருந்து 'நுரையீரல் நோய்' என்பதற்கு இறங்குவது பெரிய தாவல். 'வைரஸ் நிமோனியா' என்பதிலிருந்து அதன் ஒரு வகைக்கு இறங்குவது மிகச் சிறிய அடி. இரண்டையும் ஒன்றாக எண்ணினால் அளவு பிழைபடும்.

இதற்கு மாற்றாக பிலிப் ரெஸ்னிக் என்னும் ஆய்வாளர் 1995-இல் வேறொரு வழியைக் காட்டினார். இரண்டு சொற்களுக்கும் பொதுவான மூதாதை எவ்வளவு அரியது என்று பார்க்க வேண்டும் என்பது அவ்வழி. ஊரில் இருவர் சந்திக்கிறார்கள். 'நாம் இருவரும் தமிழ்நாடு' என்றால் அதில் நெருக்கம் பெரிதில்லை. 'நாம் இருவரும் ஒரே தெரு' என்றால் நெருக்கம் மிகுதி. பொதுவானது எவ்வளவு அரிதோ, அவ்வளவுக்கு உறவு பொருளுடையது.

இதனை எண்ணால் சொல்வதும் கடினமன்று. விளக்கத்துக்காக 1,000 நோயாளிப் பதிவுகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் 500 பதிவுகளில் காணப்படும் ஒரு கருத்தை எட்ட, ஆயிரத்தை ஒருமுறை பாதியாக்கினால் போதும். அதன் மதிப்பு 1. 125 பதிவுகளில் மட்டும் காணப்படுவதற்கு மூன்று முறை பாதியாக்க வேண்டும். அதன் மதிப்பு 3. ஒரே ஒரு பதிவில் காணப்படுவதற்கு ஏறத்தாழப் பத்து முறை. அதன் மதிப்பு 10. இரண்டு சொற்களின் பொது மூதாதை 1 மதிப்புடையதாயின் உறவு மெல்லியது. 10 மதிப்புடையதாயின் உறவு வலியது. பின்னர் 1998-இல் டேகாங் லின் என்பவர் இவ்வளவை 0 முதல் 1 வரை அமையுமாறு சீர்செய்தார்.

ஒப்புமையும் தொடர்பும் ஒன்றல்ல

இன்சுலினும் சர்க்கரை நோயும் நெருங்கியவையா? தொடர்புடையவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்று மருந்து, மற்றொன்று நோய். இரண்டும் ஒத்தவை அல்ல. பூட்டும் சாவியும் போன்ற தொடர்பு இது. ஒப்புமை என்பது வேறு: 'சிறுநீரகச் செயலிழப்பு', 'கிட்னி ஃபெயிலியர்' ஆகிய இரண்டும் ஒன்றே என்பது போன்றது.

இவ்வேறுபாடு மனிதரிடையே எவ்வாறு வெளிப்படுகிறது என்பதற்கு 2007-இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல சான்று. டெட் பெடர்சன் முதலியோர் நிகழ்த்திய அந்த ஆய்வில், அமெரிக்காவின் மின்னசோட்டாவிலுள்ள மேயோ கிளினிக்கைச் சேர்ந்த 3 மருத்துவர்களும், மெடிக்கல் கோடிங் பணி செய்யும் 9 பேரும் மருத்துவச் சொல் இணைகளுக்கு மதிப்பெண் இட்டனர். ஒன்றே எனத் தக்கவற்றுக்கு 4. உறவே இல்லாதவற்றுக்கு 1. சிறுநீரகச் செயலிழப்பின் இரு ஆங்கிலப் பெயர்களுக்கும் இரு தரப்பினரும் 4 இட்டனர். மலக்குடலில் தோன்றும் பாலிப்புக்கும் பெருந்தமனிக்கும் இரு தரப்பினரும் 1 இட்டனர். ஆனால் சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் என்ற இணையில் கருத்து மாறியது. மருத்துவர்களின் சராசரி 2. கோடிங் பணியாளர்களின் சராசரி 1.

இருவருள் யார் சரி? இருவரும் சரியே. மருத்துவர் தம் முன் அமர்ந்த நோயாளியை நினைக்கிறார். சர்க்கரையும் அழுத்தமும் ஒருவரிடமே சேர்ந்து வருவதை அவர் அன்றாடம் காண்கிறார். கோடிங் பணியாளரோ வகைப்பாட்டை நினைக்கிறார்; அதில் இரண்டும் வெவ்வேறு கிளைகள். கணினியை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே அது யாரைப்போல் எண்ண வேண்டும் என்பதை முடிவுசெய்ய வேண்டும். 'ஒன்றேதான்' என்று முடிவுகட்ட ஓர் அளவு. 'சேர்த்துப் பார்க்க' மற்றோர் அளவு.

உங்களுக்கு எங்கே உதவுகிறது?

முதலாவது, ஒவ்வாமை. உங்கள் பதிவில் 'பென்சிலின் ஒவ்வாமை' என்று இருக்கிறது. மருத்துவர் 'அமாக்சிசிலின்' எழுதுகிறார். எழுத்தை மட்டும் பார்க்கும் கணினிக்கு இவை இரு வேறு சொற்கள். சொற்பொருள் மரத்தை அறிந்த கணினியோ, அமாக்சிசிலின் பென்சிலின் குடும்பத்தது என்று ஒரு படி ஏறிக் கண்டு, எச்சரிக்கை காட்டுகிறது. கடும் ஒவ்வாமை உள்ளவருக்கு இந்த ஒரு படி உயிர்காக்கும் படியாகும்.

இரண்டாவது, ஒரே மருந்துக்கு நாடுதோறும் வழங்கும் வெவ்வேறு பெயர். நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்கின்றனர். வெளிநாட்டிலிருந்து மகன் கொண்டுவந்த மாத்திரையையும், இங்கே வாங்கிய காய்ச்சல் மாத்திரையையும், சளிக்கான கூட்டு மாத்திரையையும் ஒரே நாளில் உட்கொள்பவர், தாம் மூன்று மருந்துகள் எடுப்பதாக எண்ணுவார். உண்மையில் அவர் ஒரே மருந்தை மும்முறை எடுத்திருக்கக்கூடும். அளவு மிகுந்தால் கல்லீரல் கெடும். இதற்கு மறுதலையாக, ஹைட்ராலசின், ஹைட்ராக்சிசின் என்ற இரு பெயர்களும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும். முன்னது இரத்த அழுத்தத்துக்கானது. பின்னது அரிப்புக்குத் தருவது.

மூன்றாவது, அரிய நோய்களைக் கண்டறிதல். பெர்லினிலுள்ள சாரிட்டே மருத்துவமனையில் பீட்டர் ராபின்சன் குழுவினர் 2008-இல் நோய் அறிகுறிகளுக்கென்றே ஒரு சொற்பொருள் மரத்தை அமைத்தனர். இன்று அதில் 13,000-க்கும் மேற்பட்ட அறிகுறிகள் உள்ளன. நோயாளியிடம் காணும் அறிகுறிகளை ஒவ்வொரு நோய்க்கும் உரிய அறிகுறிகளோடு ஒப்பிட்டு, பொருளால் மிக நெருங்கிய நோய்களை வரிசைப்படுத்தும் கணினி நிரலையும் அவர்கள் அடுத்த ஆண்டே வெளியிட்டனர்.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறோம். உயரமாய், மெலிந்து, நீண்ட விரல்களுடன் ஒரு சிறுவன் வருகிறான். கண்ணின் வில்லை இடம்பெயர்ந்துள்ளது. இவ்வறிகுறிகள் 'மார்ஃபான்' நோய்க்கும் பொருந்தும். 'ஹோமோசிஸ்டினூரியா' என்னும் நோய்க்கும் பொருந்தும். முன்னதில் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி விரிவடையக்கூடும். காலந்தோறும் எக்கோ சோதனை வேண்டும். பின்னதில் இரத்தம் உறைந்து குழாய் அடைபடும் இடர் உண்டு. ஆனால் உணவுக் கட்டுப்பாடும், சிலருக்கு வைட்டமின் பி6-உம் நல்ல பயன் தரும். மருத்துவர் 'கண் கோளாறு' என்று மட்டும் பதிவிட்டால், எண்ணற்ற நோய்களில் கண் கோளாறு உண்டாதலால் அதன் மதிப்பு மிகக் குறைவு. கணினி நூற்றுக்கணக்கான நோய்களைக் காட்டும். 'வில்லை இடம்பெயர்வு' என்று பதிவிட்டால் அஃது அரிய அறிகுறி, மதிப்பு உயரும், இவ்விரு நோய்களும் வரிசையின் முன்னே வரும். எஞ்சியதை இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் அளவைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

அந்த அரிய அறிகுறியை முதலில் கண்டு சொல்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், தாயோ தந்தையோதான். 'பிள்ளைக்குக் கண் சரியில்லை' என்று சொல்வதற்கும், 'போன மார்கழியிலிருந்து புத்தகத்தை முகத்துக்கு அருகே வைத்துப் படிக்கிறான். கண்ணாடி இரண்டு முறை மாற்றியாயிற்று' என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு, பல ஆண்டு அலைச்சலுக்கும் ஒரு வார விடைக்கும் உள்ள வேறுபாடாக அமையக்கூடும்.

எங்கே நம்பி இருந்துவிடக் கூடாது?

உயர் இரத்த அழுத்தம், தாழ் இரத்த அழுத்தம் என்ற இரண்டும் சொற்பொருள் மரத்தில் உடன்பிறப்புகள். இரண்டுக்கும் பெற்றோர் 'இரத்த அழுத்தக் கோளாறு' என்பதே. படிகளை எண்ணினால் மிக நெருங்கியவை. சிகிச்சையோ நேர் எதிர். ஏராளமான நூல்களையும் பதிவுகளையும் படித்து, எச்சொல் எச்சொல்லின் அருகே வருகிறது என்பதைக்கொண்டு பொருளை ஊகிக்கும் இக்காலக் கணினி முறைகளும் இத்தகைய எதிர்ச்சொற்களில் இடறக்கூடும். ஏனெனில் எதிர்ச்சொற்கள் பெரும்பாலும் ஒரே வகைத் தொடர்களில்தான் வருகின்றன. உறவினர் என்பதால் இருவரும் ஒருவர் ஆகிவிட மாட்டார்.

இன்னும் சில இடங்களில் கணினி இடறும். 'காய்ச்சல் இல்லை' என்பதில் காய்ச்சல் என்ற சொல் இருக்கிறது. 'தந்தைக்கு மாரடைப்பு வந்தது' என்பதில் மாரடைப்பு இருக்கிறது. 'டெங்குவாக இருக்கலாம்' என்பதில் டெங்கு இருக்கிறது. மூன்றிலும் நோயாளிக்கு அந்த நோய் உண்டென்று சொல்லப்படவில்லை. இல்லாமை, பிறருடைமை, ஐயம் ஆகிய இம்மூன்றையும் பிரித்தறியக் கணினிக்குத் தனியே கற்பிக்க வேண்டும். கற்பித்தும் பிழை நேர்வதுண்டு.

எல்லாவற்றினும் முதன்மையான குறை, மரத்தில் ஏறுமுன்பே நிகழ்வது. நடுநெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் கண்ட ஒருவர், 'வாயுத் தொல்லை' என்று தாமே முடிவுசெய்து அதை மட்டும் சொன்னால், அச்சொல் செரிமானக் கிளையில் போய் அமர்கிறது. அவருக்கு வந்தது மாரடைப்பாயின், எவ்வளவு சிறந்த அளவீட்டு முறையாயினும் தவறான கிளையிலிருந்து சரியான கிளைக்கு அவரைக் கொண்டுசேர்ப்பது அரிது. எங்கள் மருத்துவர்களும் செவிலியர்களும் ஒரே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்பதன் காரணம் இதுவே. உங்கள் சொல்லின்மீது ஐயம் கொண்டு அவ்வாறு கேட்பதில்லை. அச்சொல்லின் எந்தப் பொருளை நீங்கள் குறிக்கிறீர்கள் என்பதை உறுதிசெய்துகொள்ளவே கேட்கின்றனர்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. நோயின் பெயரைச் சொல்வதற்கு முன் உணர்ந்ததைச் சொல்லுங்கள். 'வாயு', 'பித்தம்', 'சூடு' என்பவற்றைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், எதைச் செய்தால் கூடுகிறது என்பவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2. நெஞ்சில் அழுத்தம், திடீரென வாய் கோணுதல், ஒரு கை கால் தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் பெயர் தேடிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். அல்லது 108-ஐ அழையுங்கள்.

3. 'மயக்கம்' என்று சொல்லும்போது, தலை சுற்றியதா, கண் இருட்டியதா, நினைவு தப்பியதா என்பதைத் தெளிவுபடுத்துங்கள். உடனிருந்து பார்த்தவரையும் அழைத்து வாருங்கள்.

4. ஒவ்வாமை உண்டென்றால் மருந்தின் பெயரோடு, அன்று நேர்ந்தது என்ன என்பதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உடல் முழுவதும் தடிப்பும் மூச்சுத் திணறலும் வந்ததா, வயிற்றுப்போக்கு மட்டும் வந்ததா? இரண்டும் ஒன்றல்ல.

5. மாத்திரை அட்டையில் பெரிதாக அச்சிட்ட வணிகப் பெயரை மட்டும் நினைவில் கொள்ளாமல், அதன்கீழ்ச் சிறிதாக உள்ள மருந்துப் பெயரையும் பாருங்கள். அட்டையையே கையோடு கொண்டுவருவது இன்னும் நன்று. சித்த, ஆயுர்வேத மருந்துகள் எடுப்பதாயின் அவற்றையும் தயங்காமல் தெரிவியுங்கள்.

6. டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டுக்கு எடுத்துச் செல்லுமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள், அல்லது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு இல்லாத நோய் எழுதப்பட்டிருந்தாலோ, தந்தையின் நோய் உங்கள் பெயரில் ஏறியிருந்தாலோ, அங்கேயே சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். திருத்தம் கேட்பது உங்கள் உரிமை; எங்களுக்கு அஃது உதவியுமாகும்.

கணினியின் மரத்தில் இலட்சக்கணக்கான சொற்கள் இருக்கலாம். உங்கள் உடலில் நேர்ந்ததை அறிந்தவர் நீங்கள் ஒருவரே. அதனை உங்கள் வீட்டு மொழியில், உங்களுக்கு வரும் சொற்களில், அவசரப்படாமல் சொல்லுங்கள். உரிய கிளையில் அதனைச் சேர்ப்பது எங்கள் கடமை. சேர்த்தது சரிதானா என்று அடுத்த வருகையில் எங்களைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.